மலைவீட்டுக் கடனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீட்டில் உள்ள எண் அது. 2015-16-இல் 4.76 சதவீதமாக இருந்தது 2019-21-இல் 2.20 ஆனது. நாடு முழுவதற்கும் பார்த்தால் 24.85-இலிருந்து 14.96. இதில் பொய் எதுவும் இல்லை. ரேஷன் அரிசி, சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் என்று பல பத்தாண்டுகளாகப் பாடுபட்டதற்குக் கிடைத்த பலன். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் 'வறுமைதான் ஒழிந்துவிட்டதே, இனி உதவித் திட்டங்களைச் சுருக்கிக்கொள்ளலாம்' என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஏற்காட்டில் வங்கிச் சேவை முகவராக இருக்கிறேன். கைரேகை மெஷினை எடுத்துக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போய், கணக்கில் இருக்கும் பணத்தை வீட்டு வாசலிலேயே எடுத்துக் கொடுக்கும் வேலை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதம் 15-ஆம் தேதி வாக்கில் கணக்கில் ஏறும். அந்த வாரம் முழுக்க எனக்கு ஓயாத அலைச்சல்.

நாகலூர் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். மலையாளி என்ற எங்கள் மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர் (கேரளத்தவர் இல்லை), காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பழம் பறித்துப் பறித்து விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழாது. தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்பார், முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். சில நாள் எதுவும் விழாது. "சரி தம்பி, நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வர்றியா, காலைல கொஞ்சம் நல்லா விழும்" என்பார். ரேகை விழுந்து பணம் கைக்கு வந்தால், அதில் பாதிக்கு மேல் அன்று சாயங்காலமே குழு லோன், அதாவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறு கடன், அதன் தவணைக்குப் போய்விடும்.

இந்த வீடு அரசாங்கக் கணக்கில் ஏழை வீடு இல்லை. எப்படி என்று பாருங்கள். குறியீட்டில் மொத்தம் 12 அம்சங்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. குறைகளைக் கூட்டினால் அதே மூன்றில் ஒரு பங்கை எட்டும் வீடுதான் ஏழை வீடு. வாழ்க்கைத் தரத்தில் சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு என்று ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 21-இல் ஒரு பங்கு. அதாவது உடல்நலத்திலும் கல்வியிலும் குறை இல்லாத வீடு ஏழை என்று பதிவாக வேண்டுமானால், இந்த ஏழும் இல்லாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கரண்ட் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? வங்கிக் கணக்கை நாங்களே வீடு தேடிப் போய்த் திறந்து கொடுத்துவிட்டோம். அப்புறம் எந்த வீடு ஏழும் இல்லாத வீடாக இருக்கும்?

கல்வியில் பத்து வயதுக்கு மேல் ஒரே ஒருவர் ஆறு ஆண்டு படிப்பை முடித்திருந்தாலும் அந்த அம்சத்தில் குறை இல்லை. அக்காவின் மகள் எட்டாவது படிக்கிறாள். உடைமைகளில், பட்டியலில் உள்ள பொருள்களில் இரண்டு இருந்தால் போதும், அங்கேயும் தப்பித்துவிடும். வீட்டில் ஒரு செல்போன் இருக்கிறது, மகன் தவணையில் எடுத்த பைக் இருக்கிறது. அந்த பைக்குக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று குறியீடு கேட்பதில்லை.

என் மனதை அறுப்பது இந்தக் கடன் விஷயம்தான். குழு லோன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு வரம்பு வைத்தது: ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் காப்பி மலையில் மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? பழம் பறிப்பு கார்த்திகையில் சூடு பிடிக்கும், மாசியோடு ஓய்ந்துவிடும், அதையொட்டி மிளகு. அது முடிந்தால் கையில் வேலையே இல்லாத மாதங்கள் உண்டு. தவணைக்காரர் மட்டும் மழையானாலும் வெயிலானாலும் வாராவாரம் சரியாக வந்துவிடுகிறார். கடனைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் நாட்டின் ஊரக வீடுகளில் 35 சதவீதம் கடனில் இருப்பது பதிவாகியிருக்கிறது. அந்தத் தகவல் வறுமைக் கணக்கோடு சேர்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுகளில் கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் வரிசைகட்டி ஏறுகின்றன. ஏரியைச் சுற்றிலும் விடுதிகள், தோட்டங்களுக்கு நடுவே வெளியூர்க்காரர்களின் பங்களாக்கள். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு உண்டு. அங்கே பெருக்கித் துடைக்கப் போகும் பெண் தன் வீட்டுக்குத் தண்ணீரைச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். 2022-23-இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் போனது என்று உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று எங்கள் மலையில் ஒரு சுற்று வந்தாலே தெரியும். சேலம் நகரத்தையும் எங்கள் சேர்வராயன் மலையையும் ஒன்றாகப் போட்டு மாவட்டச் சராசரி எடுத்தால், அந்தப் பங்களாவும் அந்தப் பெண்ணின் வீடும் ஒரே எண்ணுக்குள் காணாமல் போய்விடும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது. குடிநீர், எரிபொருள், கழிப்பறை விவரங்களை ஊராட்சி வாரியாகத் தமிழில் வெளியிட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லி உங்கள் இதழ் வற்புறுத்த வேண்டும். கடன் விவரத்தை மாநில அரசே மலை ஊராட்சிகளில் தனியாக எடுக்கலாம். அது முடியும்வரை, 2.2 என்ற எண்ணைக் காட்டி இங்கே ஒரு திட்டத்தையும் குறைக்க வேண்டாம் என்று தலையங்கம் எழுதுங்கள். உங்கள் நிருபர் யாராவது வந்தால், 15-ஆம் தேதியை ஒட்டி வரச் சொல்லுங்கள். மெஷினோடு நான் போகும் ஊர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஏற்காடு.