கிழிந்தால் கிழியட்டும், கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் 19 வருடமாக இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் வாசிப்பதே இல்லை, எல்லாம் செல்போனால் வந்தது என்று அடிக்கடி யாராவது வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பள்ளிக்கென்று வாங்கிய படக்கதைப் புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லையே, அதைத்தான் கேட்க வந்தேன். பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் இருக்கின்றன.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் அப்படித்தான். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் வகுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும், சில சமயம் கையிலிருந்து பணமும் கட்ட வேண்டும். அதனால் யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடுவோம், சாயந்திரம் எண்ணி எடுத்துப் பூட்டிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கென்று வாங்கிய புத்தகம் ஐந்து வருடம் கழித்தும் புதுவாசனையோடு இருந்தது, அதைத் தொட வேண்டிய பிள்ளைகள் அதற்குள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

இப்போது இருக்கும் பள்ளியில் ஒரு அகலமான பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தரையில் வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தினமும் மதியம் கால் மணி நேரம் நானே ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டுவேன். முதல் தடவை எழுத்தை வாசிக்க மாட்டேன், ஒரு அட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன், அடுத்த பக்கத்தைத் திருப்பும் முன் கொஞ்சம் நிறுத்துவேன். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள்தான் அப்போது முந்திக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரு ஏப்ரல் மாதம், மாமா கடலுக்குப் போனார் என்ற ஒரே வரியும் பக்கம் முழுக்க நீலமும் ஒரு படகுமாக ஒரு படம். காசிமேட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “இந்த போட்ல வலையே இல்ல மிஸ்” என்றான். பின்னாலிருந்து ஒரு சிறுமி, “இப்ப தடைக்காலம்டா, யாரும் போக மாட்டாங்க” என்றாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சாப்பாட்டு விஷயம். வலை இல்லாமல் மாமா எதற்குப் போனார் என்று வகுப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. தொலைந்துபோன நாயைத் தேடி, கலங்கரை விளக்கத்தைப் பக்கத்தில் பார்க்க, சும்மா காற்று வாங்க என்று ஏகப்பட்ட கதைகள். எழுதியவர் ஒரு வரி எழுதி, வரைந்தவர் வேறு ஏதோ காட்டி, நடுவில் ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் அந்த இடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பாடநூலில் கேள்வியும் பதிலும் தயாராகவே இருக்கின்றன, அங்கே நுழைய வழி இல்லை.

அப்புறம் எழுத வைப்பது பெரிய வேலையே இல்லை. ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைத்துவிடும், பசையும் வேண்டாம் ஸ்டேப்ளரும் வேண்டாம். முதல் பக்கத்தில் தலைப்பும் தன் பெயரும். அந்தச் சிறுமி எழுதியது தடைக்காலத்தில் வீட்டிலிருக்கும் அப்பாவைப் பற்றி. பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் படம். ‘அப்பா வளை தைக்கிறார்’ என்று இருந்தது. வலை எல்லாப் பக்கத்திலும் வளைதான். நான் சிவப்பு மையைத் தொடவே இல்லை. அவள் அதைக் கூடையில் மற்ற புத்தகங்களோடு போட்டாள், அதை வாசித்த இன்னொரு பிள்ளை எழுத்தைக் காட்டிச் சொல்ல, அவளே ரப்பர் எடுத்து அழித்துத் திருத்தினாள். அதுவரை ஐந்து வரி கட்டுரை எழுதச் சொன்னால் கரும்பலகையைப் பார்த்து எழுதியவள் அவள்.

படம் பார்க்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று பெற்றோர் கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். அவர்களிடம் அம்புலிமாமாவை ஞாபகப்படுத்துவேன். 1947-இல் இதே சென்னையில் தொடங்கிய பத்திரிகை. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தாரே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே நம்மில் பலர் கதைக்குள் போனோம்?

புத்தகத்துக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அரசே சிறு புத்தகங்களைக் கொண்டுவந்தது, நல்ல காரியம். துலிகா, தாரா என்று இந்த ஊரிலேயே படப் புத்தகங்களை அக்கறையாகச் செய்யும் பதிப்பகங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம், அச்சடித்தும் கொடுக்கலாம்.

எனவே பள்ளிக்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இது. வாங்கும் படப் புத்தகங்களில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்காவது கிழியலாம், தொலையலாம், அதற்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கிழிந்ததைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதைத் தலைமையாசிரியரே செய்துகொள்ளட்டும். வாசித்து முடித்ததும் கேள்வி, மதிப்பெண், படிவம் எதுவும் வேண்டாம். நான்காம் வகுப்பு வந்ததும் படப் புத்தகத்தை நிறுத்திவிடுகிறோம், அதுவும் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கூடை வகுப்பிலேயே இருக்கட்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்தச் சுற்றறிக்கை வந்தால், முதல் நாளே பீரோவைத் திறக்கப் பல ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை