செல்ஃபி குச்சியை வாசலிலேயே வாங்கி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறையில் பேத்தியுடன் எங்கள் மாவட்டத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தேன். ராட்டினம் வேகமெடுத்ததும் முன் இருக்கைப் பையன் செல்ஃபி குச்சியை முழு நீளத்துக்கு நீட்டினான். அதன் நுனி இரும்புத் தூணில் உரசித் திரும்பியது. பேத்தியின் கண்ணுக்கு ஒரு சாண் தூரம்தான். நெஞ்சு பதறிவிட்டது. ராட்டினத்தை இயக்கியவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காக்களில் 2015-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. இங்கேயும் அப்படிச் செய்யலாமே! படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகக் கையில் பிடித்து எடுக்கட்டும். குச்சியை மட்டும் டிக்கெட் கவுண்டரில் வாங்கி வைத்து டோக்கன் கொடுங்கள். அப்புறம், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் கூட்டம் நெரியும்போதும் குச்சி நீட்ட விடக் கூடாது. மாவட்ட நிர்வாகம் அடுத்த விடுமுறைக்கு முன்பே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், தக்கலை