சிவப்பு மை எதற்கு? ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கும், விடைத்தாள் திருத்தும் நெறிமுறையை வகுப்போருக்கும் வணக்கம்.

உங்கள் நெறிமுறையில் 'பிழை' என்ற ஒரே தலைப்பின்கீழ் மூன்று வேறு சங்கதிகள் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

'ஷி கோ டு ஸ்கூல்' என்று நம் மாணவர் எழுதினால் அது கற்கும்போது வரும் பிழை. ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் 'கோ', இன்னோரிடத்தில் 'கோஸ்' என்று தடுமாறும். மதிப்பெண்ணைக் குறையுங்கள். 'ப்ரீபோன்' (குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருதல்) அப்படியல்ல. இந்திய ஆங்கிலத்தில் படித்தவர்கள் தயங்காமல் எழுதும் சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. அதை அடிக்க நமக்கு என்ன அவசரம்? மூன்றாவது, இடம் பொருந்தாமை. சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் 'லா' சேர்ப்பது இயல்பு, வேலை விண்ணப்பத்தில் ஆகாது. அதற்கு நடைக்கான மதிப்பெண்ணில் மட்டும் கை வைத்தால் போதும்.

'டிஸ்கஸ் அபௌட்' (பொது எழுத்து நடையில் 'அபௌட்' இல்லாமல் வெறும் 'டிஸ்கஸ்') சிக்கலானது. இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் எங்கும் கேட்கலாம். ஆனால் பன்னாட்டுத் தேர்வில் அடிவாங்கும். காரணம் சொல்லாமல் 'அபௌட்'டை அடித்தால், அடுத்த கட்டுரையில் 'டாக் அபௌட்'டிலும் அது காணாமல் போகும். 'டாக் அபௌட்', 'டிஸ்கஷன் அபௌட்' ஆகியவற்றின் சாயலில் 'டிஸ்கஸ் அபௌட்' வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் இரண்டையும் பிரித்தறிவார்.

40 நிமிட வகுப்பில் இதைச் செய்யலாம். முதல் 10 நிமிடம் மாணவர்களின் பேச்சிலிருந்தே தொடர்களைத் திரட்ட வேண்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் எதுவும் மனத்தில் நிற்காது. அடுத்த 15 நிமிடத்தில் அவற்றை மூன்று பத்திகளாக (நெடுவரிசைகளாக) அடுக்க வேண்டும்: நாம் சொல்வது, பொது எழுத்து நடை, எங்கே எது பொருந்தும். மீதி நேரம் ஒரே செய்தியை நண்பருக்கும் அலுவலகத்துக்குமாக இருமுறை எழுதட்டும். பத்திகளுக்கு 'சரி', 'தவறு' என்று தலைப்பிட்டால் எல்லாம் கெட்டது; முதல் பத்தியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேச்சுப் பயிற்சியின் நடுவே திருத்தினாலும் அதே கதிதான்.

உச்சரிப்பில் எதை வலியுறுத்துவது என்பதற்கு மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் முன்வைத்த பட்டியல் உதவும்; வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கிலத்தில் பேசும்போது ஒருவருக்கொருவர் புரிய எந்த ஒலிகள் அவசியம் என்று அது சொல்கிறது. 'திங்க்' என்பதன் முதல் ஒலி 'ட'கரம்போல் ஒலித்தாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். 'ஷிப்', 'ஷீப்' நீளம் மாறினால் பொருளே மாறும். குறில் நெடில் அறிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எளிது. ஏனோ நம் பாடநூல்கள் இதைப் பயன்படுத்துவதில்லை. 'ப்ராடக்ட்' என்பதைப் 'பொராடக்ட்' என்று உயிரொலி சேர்த்தாலும் விளங்கும், 'பாடக்ட்' என்று மெய்யை விழுங்கினால் விளங்காது. வாய்மொழித் தேர்வின் மதிப்பெண் பங்கீடு இந்த வரிசையை ஒட்டி அமையட்டும்.

கேட்டல் தேர்வுக்கான ஒலிப்பதிவுகளில் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களோடு இந்திய, ஆப்பிரிக்க, தென்கிழக்காசியக் குரல்களும் இருக்க வேண்டும். அவற்றைத் தேர்வு நாளில் திடீரென்று நுழைக்காமல், பயிற்சிப் பதிவுகளிலேயே எழுத்து வடிவத்துடன் முன்கூட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள்