சிங்கத்துக்குப் புருவம் வேண்டும்

பழைய கார்ட்டூன் படங்களை நிஜம்போலத் தெரியும் லைவ் ஆக்‌ஷனாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு,

வணக்கம். டிக்கெட்டையும் வாங்கிவிட்டு, வெளியே வந்து திட்டவும் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. "அவ்வளவு திட்டியும் படம் ஓடியதே" என்று நீங்கள் கேட்பீர்கள். ஓடியதுதான். 2019இல் வந்த புதிய 'லயன் கிங்' உலகெங்கும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் இரண்டு டிக்கெட் எங்கள் வீட்டுக் கணக்கு. அதனால் எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் சத்தத்தை நீங்கள் காதில் வாங்கும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

டிரெய்லர் வருகிறது, நாங்கள் கத்துகிறோம். நீங்கள் அத்தனை கத்தலையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். பிறகு, ஒன்று அதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், இல்லாவிட்டால் 'பழசு மாறினாலே இவர்களுக்குப் பிடிக்காது' என்று மூலையில் போட்டுவிடுகிறீர்கள். மூட்டைக்குள் நெல்லும் இருக்கிறது, பதரும் இருக்கிறது. யாரும் புடைத்துப் பார்ப்பதில்லை.

உங்களில் ஒருவர் புடைத்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் கடைசியில் 'சோனிக்' டிரெய்லர் வந்தது. வீடியோ கேமில் பிறந்து கார்ட்டூனில் வளர்ந்த அந்த நீல முள்ளெலிக்கு மனிதப் பல்வரிசையும் சின்னச் சின்னக் கண்களும் வைத்திருந்தார்கள். பெரியவர்களே மிரண்டோம். சில நாட்களில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. கண் பெரிதானது, கைக்கு வெள்ளை உறை வந்தது, படமும் ஓடியது. (திருத்தத்தில் உழைத்த எம்பிசி என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் வான்கூவர் பிரிவு அந்த டிசம்பரிலேயே மூடப்பட்டது. ரசிகர்கள் வென்ற கதையாக இதை யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது.)

சரி, பெரிய கண் ஏன் வேலை செய்தது? இதை நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. கார்ட்டூன் என்பது நிஜத்தை அரைகுறையாக வரைந்தது என்றும், கம்ப்யூட்டர் வளர்ந்துவிட்டதால் இப்போது அதை முழுசாக்கலாம் என்றும் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. 1994இன் 'லயன் கிங்' கார்ட்டூனில் வரும் சிங்கக்குட்டி சிம்பாவுக்குப் புருவம் உண்டு. காட்டில் எந்தச் சிங்கத்துக்கும் அப்படி ஒரு புருவம் கிடையாது. வரைந்தவர்களுக்கு அது தெரியாதா என்ன? அந்த இரண்டு கோடுகள் இல்லாவிட்டால் குட்டி பயப்படுகிறதா, வெட்கப்படுகிறதா, அப்பாவிடம் பொய் சொல்கிறதா என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் வைத்தார்கள்.

புதிய படத்தை அக்கா மகளோடு பார்த்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. சிம்பாவின் அப்பா முஃபாசா இறந்து கிடக்கிறார், குட்டி அவரை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறேன். அவள் என் காதில், "மாமா, குட்டிக்குத் தூக்கம் வருதா?" என்றாள். நான் அழுதது பழைய படத்தை நினைத்து. அவளுக்கு நினைத்துக்கொள்ளப் பழைய படம் இல்லை, திரையில் இருந்த முகம் மட்டும்தான். அந்த முகம் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அது கேமரா வைத்து எடுத்த படமே இல்லை. தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் நிஜ ஷாட், மற்ற 1,490 ஷாட்டும் கம்ப்யூட்டரில் உருவாக்கியவை என்று இயக்குநர் ஜான் ஃபேவ்ரோவே சொன்னார். அப்படியென்றால் புருவத்தை நீக்கியது கேமரா இல்லையே, நீங்கள்தானே? ராஜாவாகப்போகிறேன் என்று சிம்பா ஆடிப்பாடும் இடத்தில் பழைய படத்தில் மிருகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரமே கட்டும், வானத்தின் நிறமே மாறும். புதியதில் இரண்டு குட்டிகள் நீர்நிலையைச் சுற்றி ஓடுகின்றன. நன்றாகத்தான் ஓடுகின்றன. அதைப் பார்க்க விலங்குகள் பற்றிய ஆவணப்படமே போதும்.

முடியாத காரியமும் இல்லை இது. 2010இன் 'ஹௌ டு ட்ரெயின் யுவர் டிராகன்' கார்ட்டூனை இயக்கிய இருவரில் ஒருவரே 2025இல் அதை நடிகர்களை வைத்து எடுத்தார். அதில் வரும் டிராகன் டூத்லெஸ்ஸை நிஜப் பல்லியாக்காமல் அந்தப் பெரிய கண்களை அப்படியே விட்டுவைத்தார். படம் பழையதை ஏறக்குறைய வரிக்கு வரி நகலெடுத்திருந்தது என்பது வேறு வழக்கு.

பதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'லிட்டில் மெர்மெய்ட்' ரீமேக்கில் கடல்கன்னி ஏரியலாகக் கறுப்பினப் பெண்ணான ஹாலி பெய்லி நடிக்கிறார் என்று 2019இல் அறிவித்ததுமே ஒரு கூட்டம் கிளம்பியது. கடல்கன்னிக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. அந்தக் கூச்சலை நீங்கள் சட்டை செய்யாதது சரி. 2022இல் டிரெய்லர் வந்தபோது கறுப்பினச் சிறுமிகள் அதைப் பார்த்துத் துள்ளிய வீடியோக்கள் எத்தனை! அந்தப் படத்துக்கு வந்த எதிர்வினைகளில் குழந்தைகளுடையது என்று சொல்லக்கூடியது அதுதான். ஆனால் அதே படத்தில் ஃப்ளவுண்டர் என்ற மீன் சந்தையில் கிடக்கும் மீன் மாதிரி இருக்கிறதே என்று சொன்னவர்களையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிட்டால் எப்படி? நிறவெறியர்கள் உங்களுக்கு ஒரு வகையில் வசதியாகிவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்களைக் காட்டி எங்கள் வாயையும் அடைத்துவிடலாம்.

அப்புறம் 'லைலோ அண்ட் ஸ்டிட்ச்'. 2002இன் படத்தில் பெற்றோரை இழந்த தங்கை லைலோவை, தானே சின்னப் பெண்ணான அக்கா நானி விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். படத்தின் உயிரே அந்தப் பிடிவாதம்தான். 2025இல் நானி, லைலோவைப் பக்கத்து வீட்டு டூட்டூவின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கடல் உயிரியல் படிக்கப் போகிறாள். நினைத்தபோது வீட்டுக்கு வந்துபோக மாயக் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு பெண் படிக்கப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய படம் நானியின் கனவுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் நியாயமான குறைதான். கேள்வி சரி, விடையில்தான் அவசரம். பிரிவதென்றால் அந்தப் பிரிவு வலிக்க வேண்டும். மாயக் கருவியைக் கையில் கொடுத்து வலியை ரத்து செய்துவிட்டீர்கள். அந்தப் படமும் 100 கோடி டாலரைத் தாண்டியது. அதனால் இந்த முணுமுணுப்பு உங்கள் காதில் விழுந்திருக்காது.

2016இன் 'மோனா'வுக்குப் பத்தே ஆண்டில் ரீமேக். முதல் படத்தைப் பார்த்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. சரி, எடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். டிரெய்லரை வெளியிடுவதற்கு முன்னால், கதை தெரியாத நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, முகம் மட்டும் தெரியும் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். "இதற்கு இப்போது என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னால், வரைந்தவர்களிடம் திருப்பி அனுப்புங்கள். திருத்தப் போதிய நாளும் கூலியும் கொடுத்து.

இப்படிக்கு,
அடுத்த படத்துக்கும் இரண்டு டிக்கெட் வாங்கப்போகிற ஒரு மாமா