கச்சேரிப் பக்கத்து ஐயாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்புக்கு அந்நாட்டு அரசு தரும் செவனிங் புலமைப்பரிசில் உறுதியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. இந்த இரண்டு கிழமையும் நான் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கை நடுக்கம் அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

முதல் நன்றி, யாழ். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐயா என்றே எழுதுகிறேன்.

என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. கடவுச்சீட்டில் அது ‘எல்’. பட்டச் சான்றிதழில் ‘இசட் எச்’. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலமொழிப் பரீட்சைக்குக் கடவுச்சீட்டைப் பார்த்தே பதிவதால் அதிலும் ‘எல்’. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னுக்கு, இன்னோரிடத்தில் பின்னுக்கு, மூன்றாவதில் வெறும் முதலெழுத்து. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? படிவம் கேட்கிறதே என்று அப்பாவின் பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போடுகிறோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் போட்டு, காகிதத்தில் நான் மூன்று ஆளாகிவிட்டேன். மூவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. செவனிங் குறித்த நாளுக்குள் நிபந்தனையற்ற அனுமதி ஒன்றாவது கையில் இல்லாவிட்டால், நேர்முகத்தில் தெரிவாகியும் பயனில்லை.

பல்கலைக்கழகம் தந்த கடைசி நாளன்று பின்னேரம் நாலரைக்கு ஐயாவின் அறைக்கு ஓடினேன். லண்டனில் மாலை ஐந்து என்றால் யூலையில் இங்கே இரவு ஒன்பதரை. அவ்வளவுதான் நேரம். அவர் கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பை மடியில் செருகிக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் திரும்பத் திறந்தார்.

“முதல்ல இரும் பிள்ளை. தண்ணி குடியும்.”

பத்திரங்களை மேசையில் பரப்பினார். யன்னலால் சோழகம் அடித்தது. பறக்காமலிருக்கப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மேல் பாக்குவெட்டியைத் தூக்கி வைத்தார். பென்சிலால் ஒவ்வொரு பெயரின் கீழும் கோடு போட்டு, எங்கே எந்த எழுத்து மாறுகிறது என்று ஒரு துண்டில் குறித்துக் கொண்டே வந்தார். பெறுபேற்றுப் பத்திரத்தில் அப்பாவின் பெயரில் ஓர் ‘ஏ’ குறைந்திருந்ததை அவர்தான் கண்டார். நூறு தடவை பார்த்த தாள் அது, என் கண்ணில் படவேயில்லை.

பிறகு இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சத்தியக்கடதாசி அடிக்கத் தொடங்கினார். பழைய தட்டச்சு இயந்திரம். கடைசி வரியில் ஓரெழுத்துப் பிழைத்தது. வெள்ளை பூசலாமே என்றேன்.

“பெயர் விசயம் பிள்ளை, வெள்ளை பூசக்கூடாது.”

தாளை உருவி எடுத்துவிட்டு முதலிலிருந்து அடித்தார்.

அவருக்குத் தெரிந்த சமாதான நீதவானின் வீடு நல்லூரில். வழி சொன்னாலே போதுமாயிருந்தது, தானே வந்தார். வேட்டி காற்றில் படபடக்கச் சைக்கிளில் அவர் முன்னுக்கு, ஸ்கூட்டியை உருட்டாத குறையாக நான் பின்னுக்கு. கையெழுத்து, முத்திரை எல்லாம் முடிய எட்டேகால். காசை நீட்டினேன். முத்திரைக்காசை மட்டும் எண்ணி எடுத்தார்.

“மிச்சத்துக்கு அங்க குளிருக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கும்.”

போவேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லாத நேரம் அது. அவர் சப்பாத்து வாங்கச் சொல்கிறார். பரமேஸ்வராச் சந்தியில் ஸ்கான் பண்ணக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் தந்த விரிவுரையாளருக்கும் வேலையிடத்துப் பொறுப்பாளருக்கும், செவனிங் கேட்கும் 2800 மணிநேர வேலை அனுபவத்தை என்னோடிருந்து கூட்டிப் பார்த்த தோழிக்கும், இரவு பஸ்ஸில் போயிறங்கிய எனக்கு விடியவே இடியப்பம் அவித்துத் தந்து நேர்முகத்துக்கு அனுப்பிய வெள்ளவத்தைப் பெரியம்மாவுக்கும், யாழ். பொது நூலக ஊழியர்களுக்கும், முதல் தடவை கிடைக்காமல் போன அன்று ஒரு சொல்லும் சொல்லாமல் தேத்தண்ணி வைத்துத் தந்த அம்மாவுக்கும் நன்றி.

அந்த முதல் தடவை, என் ஆங்கிலம் போதவில்லை என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தேன். விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரைகளை வாசித்த அக்கா ஒருவர், “எல்லா இடமும் ‘நாங்கள்’ எண்டு கிடக்கு, இதில நீ எங்க?” என்று கேட்டார். தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அது நல்ல வளர்ப்புத்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் செய்ததை நான் எழுதாவிட்டால் தெரிவு செய்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் தடவை நான்கு கட்டுரைகளிலும் கூச்சத்தை விட்டு ‘நான்’ என்று எழுதினேன். அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி.

படிப்பு ஓராண்டு. முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது செவனிங் விதி. விதி இல்லாவிட்டாலும் வருவேன். வந்து, விண்ணப்பிக்கிற தம்பி தங்கச்சிமாரோடு சனிக்கிழமைகளில் இருந்து அவர்களின் பத்திரங்களைப் பார்ப்பேன், இது உறுதி. அதுவரை ஒன்று செய்யுங்கள்: விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறக்கும், அதற்கு முன்பே உங்கள் பத்திரங்கள் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நேற்று அனுமதிக் கடிதத்தைக் கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சில் முனையை என் பெயரின் கீழே மெல்ல நகர்த்தினார். அந்த ‘எல்’லில் கொஞ்சம் நின்றார். அப்பாவின் பெயரையும் முழுதாகப் பார்த்து முடித்தார்.

“சரி பிள்ளை. போயிட்டு வாரும்.”