‘நீங்க’ எல்லோருக்கும் உரியதாகட்டும்

திருநெல்வேலி வட்டாரத்தின் அரசு அலுவலகத் தலைவர்களுக்கும், தனியார் நிறுவன மேலாளர்களுக்கும், பணியாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பணியிடங்களில் ஒருவரையொருவர் விளிக்கும் முறை நம் கண்முன்னே மாறிவருகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் மேலாளரையே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அண்ணாச்சி, அக்கா என்று அழைத்துக்கொண்ட காலம் போயிற்றே என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். அலுவலக உதவியாளரையும் ஓட்டுநரையும் தூய்மைப் பணியாளரையும் நாம் எப்படி அழைக்கிறோம் என்பதை மட்டும் இரு தரப்பாரும் பேசுவதில்லை. அதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் பணியாற்றிய அலுவலகமொன்றில், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய உதவியாளர் ஒருவர் தபால் கட்டைச் சுமந்துகொண்டு மேசை மேசையாகப் போவார். அவருடைய மகன் வயதுள்ள எழுத்தர், தலையைக்கூடத் திருப்பாமல், “ஏலே, இங்க வா, இதை மேல கொண்டு போய்க் குடு” என்பார். “சரி சார்” என்று அவரும் வாங்கிக்கொள்வார். அதே எழுத்தர் பக்கத்து மேசைக்காரரிடம், “அண்ணாச்சி, டீ சாப்புடுதியளா?” என்று வாஞ்சையோடு கேட்பார்.

‘ஏலே’ நம் மண்ணின் சொல். ஒத்த வயதுக்காரர்கள் தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொள்ளும்போது அதில் அன்புதான் இருக்கிறது. அதை யாரும் விலக்க வேண்டியதில்லை. திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொன்னால் அது அதிகாரம். உறவுப்பெயர்களும் அப்படித்தான். யார் அண்ணாச்சி, யார் வெறும் பெயர் என்பதை இப்பக்கத்தில் வயது மட்டும் முடிவு செய்வதில்லை, பல நேரங்களில் சாதியும் முடிவு செய்கிறது என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. ‘பிள்ளைவாள்’, ‘முதலியார்வாள்’ என்ற விளிகளும் அலுவலகங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. பாகுபாடு மட்டும் ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் இடையில் தங்கிவிட்டது. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு பெயர் மாற்றிய பிறகும், அவரை ஒருமையில் கூப்பிடும் வழக்கம் பல இடங்களில் மாறவில்லை. ஒரே பதவியில் இருக்கும் ஆண் ‘சார்’ ஆகவும் பெண் ‘ஏம்மா’வாகவும் இருப்பதும் இதன் இன்னொரு முகமே.

ஆகவே, பணியிடத்தில் பதவியோ வயதோ பாராமல் அனைவரையும் பன்மையில் அழைப்பதை விதியாக்கி, தலைவர்களாகிய நீங்களே அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். அண்ணாச்சி, அக்கா, பெயர் என்று எதைச் சொல்வதானாலும் அழைக்கப்படுபவரின் விருப்பத்தைக் கேட்டுச் சொல்லட்டும். சங்கங்கள் இதை ஊதியக் கோரிக்கைகளோடு சேர்த்து வைக்க வேண்டும். இதற்கான சுற்றறிக்கையை ஓட்டுநர் அறையிலும் ஒட்டுங்கள்; தம்மை ஒருமையில் பேசினால் உதவியாளர் யாரிடம் முறையிடலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை