வீடு சந்திப்புக் குழுவினர் கவனத்துக்கு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமை காலை பசுமலை, பழங்காநத்தம் பக்கம் உள்ள நம் சபைப் பெரியவர்களைப் பார்க்கப் போகிறோம். நினைவு மங்கியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போய்விடுவோம். பொழுது சாயச் சாய அவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும்.

“என்னைத் தெரியுதா? பேர் சொல்லுங்க பார்ப்போம்” என்று தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிவிட்டு எதிரில் உட்காருங்கள். நேற்று நடந்தது மறந்தாலும் சிறுவயதில் மனப்பாடமான பாட்டும் ஜெபமும் நெடுநாள் தங்கும். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் பாட்டி, கீர்த்தனையைத் தொடங்கினால் நமக்கு முன்னால் அடுத்த அடிக்குப் போய்விடுவார். அதனால் புதுப் பாட்டெல்லாம் வேண்டாம்.

அப்புறம், ஜெபிக்க மறந்தவருக்கு விசுவாசம் போய்விட்டது என்று யாரும் பேசக் கூடாது. இது மூளையில் வரும் நோய். சாபம், பிசாசு என்ற பேச்சைக் கேட்டே நொந்துபோன பிள்ளைகள் உண்டு. முதிர்வயதில் தள்ளிவிடாதேயும் என்று 71-ஆம் சங்கீதத்திலேயே கெஞ்சல் இருக்கிறதே!

திடீரென்று குழப்பம் வந்திருந்தால், வயசாச்சு என்று விடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, பி12 குறைவு, தைராய்டு கோளாறு காரணமாகவும் வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. கட்டணமில்லா முதியோர் உதவி எண் 14567.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் பெயரைப் போதகர் ஐயாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், திருவிருந்து அப்பத்தைத் திராட்சை ரசத்தில் நனைத்துக் கொடுப்பார். கவனித்துக்கொள்ளும் மகளோ மருமகளோ சற்று வெளியே போய்வர, ஒருவர் அங்கேயே இருக்கலாம். வருகிறவர்கள் இன்றிரவே பெயர் போடுங்கள்.